சமாசனமும் சமத்துவமும்: கறுப்பு அமெரிக்க எழுத்தில் பாடசாலை

1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், பொதுப் பாடசாலைகளில் மாணவரை நிறத்தின் பெயரால் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 1896இல் அதே நீதிமன்றம் புகையிரதப் பெட்டிகள் தொடர்பான வழக்கொன்றில் ஏற்றுக்கொண்ட 'பிரிந்திருப்பினும் சமம்' என்னும் கோட்பாடு இவ்வாறு கல்வித்துறையில் வீழ்ச்சியுற்றது. பிறவுண் வழக்கு என வழங்கும் இத்தீர்ப்பினை அநீதியின் முடிவாகவும் நீதியின் தொடக்கமாகவும் காண்பது தாராண்மைவாத வரலாற்றெழுத்தின் வழக்கம். ஆயின், கறுப்பு அமெரிக்க எழுத்தாளரை ஊன்றிப் படிப்போர்க்கு இவ்வெல்லைக்கோடு அத்துணைத் தெளிவாகப் புலப்படுவதில்லை. தீர்ப்பிற்கு அரை நூற்றாண்டு முன்னரும் அதன் பின்னரும் எழுந்த எழுத்துகள் வேறொரு வினாவினை எழுப்புகின்றன: ஒரே வாங்கில் அமர்வதும் சமமாக இருப்பதும் ஒன்றுதானா?

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் இருத்தப்பட்ட காலமொன்று இருந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் வழங்கப்படவேண்டுமென்ற பணிப்பு வந்தபோது ஆதிக்க சாதியினர் அதனை எதிர்த்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. இனமும் சாதியும் ஒன்றெனக் கூறுவது எமது நோக்கமன்று. இரண்டிலும் ஆசனம் என்பது வெறும் ஆசனமன்று என்பதையே இவ்விடத்து வற்புறுத்த விரும்புகிறோம்.

டு பொய்ஸ் 1903இல் வெளியிட்ட 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்ற நூலின் நான்காம் இயல், பிஸ்க் பல்கலைக்கழக மாணவராயிருந்த அவர் 1880களின் கோடை விடுமுறைகளில் ரெனசி மாநிலக் கிராமமொன்றிற் படிப்பித்த அனுபவத்தைக் கூறுவது. பாடசாலை எனப்பட்டது, முன்னர் சோளம் சேமிக்கப்பட்ட மரக்குடில். வாங்குகளுக்குச் சாய்மானமில்லை, சிலவற்றிற்குக் காலுமில்லை. ஆசிரியரின் கதிரை இரவல். மாலைதோறும் அது வீட்டுக்காரியிடம் திரும்பவேண்டும். இவ்விவரங்கள் அனுதாபத்தை வேண்டி வைக்கப்பட்டவையல்ல. 'சமம்' என்ற சட்டச் சொல்லின் பௌதிக உள்ளடக்கத்தை அளந்து காட்டுபவை. பதவி பெறச் சென்ற நாளில், வெள்ளையர் பாடசாலைக்கு விண்ணப்பித்த இளைஞனும் அவரும் ஒன்றாகவே கல்வி ஆணையாளரின் வீட்டிற்குச் சென்றனர். விருந்திற்கும் இருவரும் அழைக்கப்பட்டனர். வெள்ளையர் முதலில் உண்டனர். இவர் பின்னர், தனியே உண்டார். சமாசனத்தோடு சமபோசனத்தையும் சேர்த்தே கோரிய யாழ்ப்பாணப் போராட்டத்தை அறிந்த வாசகர்க்கு இக்காட்சியின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

பத்தாண்டுகளின் பின் அவர் அக்கிராமத்திற்கு மீள்கிறார். மரக்குடில் இருந்த இடத்திற் பலகைக் கட்டடம் நிற்கிறது. கல்வியில் எவரினும் வேட்கை கொண்டிருந்த ஜோசி என்ற பெண்ணோ, குடும்பப் பாரத்தைச் சுமந்து உழைத்து மடிந்துபோயிருக்கிறாள். கட்டடம் முன்னேறியது, அதிற் படிக்கவேண்டியவள் முன்னேறவில்லை. பாடசாலையை அதனைச் சூழ்ந்த உழைப்பு உறவுகளினின்றும் பிரித்துப் பேசமுடியாது என்பதை, மார்க்சியத்தை முறையாகப் பயில்வதற்கு முன்னரே டு பொய்ஸ் கண்டுகொண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1935ஆம் ஆண்டு இவ்வகையில் முக்கியமானது. அவ்வாண்டில் அவர், கறுப்பு இனத்தவர்க்குத் தனிப் பாடசாலைகள் வேண்டுமா என்று வினவும் கட்டுரையொன்றை எழுதினார். ஏனைய யாவும் சமமாயின் கலப்புப் பாடசாலையே விரிவான கல்விக்கு உகந்தது. ஆனால் பகைமை கொண்ட ஆசிரியர் படிப்பிக்கும் கலப்புப் பாடசாலை பிள்ளையை நசுக்கும். வளமற்ற தனிப் பாடசாலையும் அவ்வாறே. வேண்டுவது இரண்டுமல்ல, கல்வியே என்பது அவர் முடிவு. பிரிவினையை ஆதரித்தார் என்று அன்று அவரைப் பலர் சாடினர். எனினும், அதே ஆண்டில் வெளிவந்த அவரது 'கறுப்பு மறுசீரமைப்பு' என்னும் பெருநூலுடன் இணைத்து நோக்கினாலன்றி இக்கட்டுரை விளங்காது. தென் மாநிலங்களிற் பொதுக் கல்வி வேரூன்றியதற்கு விடுதலையுற்ற அடிமைகளின் முயற்சியே முதற்காரணம் என்பதை அந்நூல் நிறுவுகிறது. குறைந்த கூலி பெற்ற வெள்ளைத் தொழிலாளிக்கு நிறத்தின் பெயரால் உளவியற் கூலியொன்றும் வழங்கப்பட்டது என்றும், ஊரின் சிறந்த பாடசாலைக் கட்டடம் அக்கூலியின் ஒரு பகுதி என்றும் அது காட்டுகிறது. பாடசாலை இங்கு மேற்கட்டுமானத்தின் ஓர் உறுப்பு மட்டுமன்று. வர்க்க ஒற்றுமையைப் பிளக்கும் கூலியாகவும் அது தொழிற்படுகின்றது.

இத்தெளிவு இல்லாதபோது அதே ஐயம் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கு நாவலாசிரியை ஸோரா நீல் ஹேர்ஸ்ரன் சான்றாவார். வெள்ளையரின் அருகே அமர்ந்தாற்றான் கறுப்புப் பிள்ளை கற்கும் என்பது அவமதிப்பு எனக் கருதி, 1955இல் அவர் பிறவுண் தீர்ப்பைப் பகிரங்கமாக எதிர்த்தார். அவரது தன்மானம் மெய்யானது. எனினும், வளங்களின் பங்கீடு என்ற வினாவினின்றும் பிரிந்த தன்மானம் நடைமுறையில் பழைமைவாதிகளுக்கே துணைபோயிற்று.

1957 செப்டெம்பரில், ஆர்க்கன்ஸோ மாநிலத்தின் லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர் மத்திய உயர்நிலைப் பாடசாலைக்குட் செல்லச் சமஷ்டி அரசின் படை காவல்நிற்க வேண்டியதாயிற்று. இது குறித்து ஹன்னா ஆரென்ற் 1959இல் வெளியிட்ட கட்டுரை, பெரியோரின் அரசியற் போரைப் பிள்ளைகளின் தோளிற் சுமத்துவதாகப் பெற்றோரையும் கறுப்புத் தலைமையையும் குறைகூறிற்று. அரசியலில் சமத்துவம் வேண்டும்; சமூகத்தில் யாரோடு பழகுவது என்பது அவரவர் விருப்பம் என்பது அவர் வகுத்த பிரிவு. பொதுப்பணத்தில் இயங்கும் பாடசாலையை விருப்பத்தின் களமாக ஒதுக்கும் இப்பிரிவு, முதலாளித்துவச் சிந்தனை தன் இருப்பிடத்தை மறைக்கும் பழைய உத்தியே எனலாம். இதற்குத் தக்க விடை நாவலாசிரியர் றல்ப் எலிசனிடமிருந்து வந்தது. கறுப்புப் பிள்ளை வெறுப்பின் நடுவே நடக்கக் கற்றுக்கொள்வது பெற்றோரின் கடமை தவறியதாலன்று. அப்பிள்ளை வாழப்போகும் சமூகமே அத்தகையது என்பதாலேயே என அவர் 1965இல் வெளிவந்த நேர்காணலொன்றில் உணர்த்தினார். அதனைப் படித்த ஆரென்ற், தியாகம் என்ற அம்சத்தைத் தாம் விளங்கிக்கொள்ளவில்லை என எலிசனுக்குக் கடிதமெழுதி ஒப்புக்கொண்டார். தத்துவவாதி காணத்தவறியதை நாவலாசிரியர் கண்டமை இலக்கிய மாணவர் சிந்திக்கவேண்டியது.

கலப்பின் வரம்பினை மிக ஆழமாகப் புலப்படுத்திய படைப்பு ரொனி மொறிசனின் முதல் நாவலான 'மிக நீலமான கண்' (1970) என்பது எமது கருத்து. கதை நிகழ்வது சட்டப்படியான பிரிவினை இல்லாத வடக்கில், ஒகாயோ மாநிலத்து லொறெயின் நகரில், 1940-41 காலப்பகுதியில். வசதியான வெள்ளைக் குடும்பமொன்றினைச் சித்திரிக்கும் பாலர் வாசகப் பாணிப் பகுதியுடன் நாவல் தொடங்குகிறது. அப்பகுதி இரண்டாம் முறை நிறுத்தக்குறிகள் இன்றியும் மூன்றாம் முறை சொல்லிடைவெளிகளும் இன்றியும் அச்சிடப்பட்டு, பொருளற்ற எழுத்துத்திரளாகச் சிதைகிறது. இதனை வெறும் உருவப் பரிசோதனையாகக் கொள்வோர் தவறிழைக்கின்றனர். பாடநூல் விதிக்கும் வாழ்வு, அதனை வாசிக்கும் பிள்ளைக்குக் கிட்டாத வாழ்வு என்பதே அவ்வுருவத்தின் உள்ளடக்கம்.

பெக்கோலா என்னும் சிறுமி அவ்வகுப்பிற்றான் இருக்கிறாள். இருவர் அமரும் மேசையில் தனியே அமரும் மாணவி அவள் ஒருத்தியே. அவளை வெளியே நிறுத்தச் சட்டமில்லை, சேர்த்துக்கொள்ள எவருமில்லை. வெளிர்நிறமும் செல்வமும் படைத்த மோறீன் பீல் என்ற மாணவியையோ ஆசிரியர் புன்னகையோடு ஊக்குவிக்கின்றனர். நிறமும் வர்க்கமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் விதம் ஒரே வகுப்பறையில் வைத்துக் காட்டப்படுகிறது. பிறவுண் தீர்ப்பின் பதினாறு ஆண்டுகளின் பின் வெளிவந்த நாவல், தீர்ப்பிற்கு முந்திய வடக்கைத் தேர்ந்துகொண்டமை தற்செயலன்று.

பின்வந்த வரலாறு இவ்வெழுத்தாளரின் ஐயத்தை மெய்ப்பித்தது. பாடசாலைகள் இணைக்கப்பட்டபோது தெற்கில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பாடசாலைகளே. பல்லாயிரம் கறுப்பு ஆசிரியர் தொழிலிழந்தனர். 1973இல் ரெக்சஸ் வழக்கொன்றில், ஆதன வரியை நம்பிய பாடசாலை நிதியின் ஏற்றத்தாழ்வு அரசியலமைப்பை மீறவில்லை என உயர் நீதிமன்றம் கூறிற்று. 1974இல் டெற்றொயிற் வழக்கில், பிரிவினைக்குப் பொறுப்பெனக் காட்டப்படாத புறநகர் மாவட்டங்களை நகரப் பாடசாலைகளோடு இணைக்கும் திட்டத்தை அது மறுத்தது. இரண்டும் ஒரு வாக்கு வித்தியாசத்தில் அமைந்தவை. வாங்கினின்றும் நீக்கப்பட்ட வேலி, வீட்டு மனையைச் சுற்றி மீண்டும் எழுந்தது.

இதனைக் கொண்டு, வர்க்கச் சுரண்டல் ஒழியும்வரை பாடசாலைப் போராட்டம் வீண் என்று முடிவுகட்டுவோர் நம் அணியிலும் உளர். இனப் பாகுபாட்டை வர்க்கத்தின் நிழலாக மட்டும் காணும் இவ்வரட்டுவாதத்தை நாம் மறுத்தல் வேண்டும். நிறக்கூலி உள்ளவரை வர்க்க ஒற்றுமை எய்தப்படாது என்பதே டு பொய்ஸ் தந்த பாடம். ஆகவே ஆசனத்திற்கான போராட்டம் வர்க்கப் போராட்டத்தின் முன்நிபந்தனைகளுள் ஒன்று. லிற்றில் றொக்கில் நடந்த ஒன்பது பிள்ளைகளும், சமாசனத்திற்காகத் தீக்கிரையான பாடசாலையை மீண்டும் நாடிய பிள்ளைகளும் அற்பமானதொன்றைக் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தபின்னும் பெக்கோலா தனியே அமர்ந்திருப்பது ஏன் என்று தொடர்ந்து வினவுவதே நமது விமரிசனத்தின் பணியாகும்.