எந்தப் பெட்டி நின்று ஆடும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகன் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் என்னிடம் வந்து கேட்டான்: “சித்தப்பா, பிளேஸ்டேஷன் 5 வாங்கட்டுமா, ஸ்விட்ச் 2 வாங்கட்டுமா? எது ரொம்ப வருஷம் ஓடும்? எதுக்கு நல்ல நல்ல கேம் வரும்?” இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டான். நல்ல கேம் நிறைய வரும் பெட்டிதான் நெடுநாள் விற்கும் என்று அவன் நம்புகிறான். தொழிலில் இருப்பவர்கள் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எந்த அளவு சரி என்று பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. நிண்டெண்டோவின் வீ யூ 2012-இல் வந்தது. 2014 மார்ச்சில் முடியும் நிதியாண்டில் 90 லட்சம் பெட்டி விற்போம் என்று நிறுவனமே அறிவித்திருந்தது. ஆண்டு முடியும் முன்பே, 2014 ஜனவரியில், அதை 28 லட்சமாகக் குறைத்தது. மொத்த ஆயுளில் விற்றது 1 கோடியே 35 லட்சம் சொச்சம். கேம் மோசமாக இருந்ததா என்றால் இல்லை. அந்தப் பெட்டிக்கு 2014-இல் வந்த மரியோ கார்ட் 8 சுமார் 84 லட்சம் பிரதி விற்றது. பெட்டி வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதை வாங்கினார்கள். அதே விளையாட்டை, கொஞ்சம் சேர்த்து மெருகேற்றி, 2017-இல் ஸ்விட்சுக்கு விட்டார்கள். அது ஆறு கோடியைத் தாண்டியது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. ஓட்டுகிற வண்டியும் பந்தயப் பாதையும் ஏறக்குறைய அதேதான். ஒரு பெட்டியில் அது கடையைக் காப்பாற்றவில்லை, இன்னொன்றில் கொடிகட்டிப் பறந்தது. கேமின் தரம் மட்டுமே விற்பனையைத் தீர்மானிக்கும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. டிவியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடிந்ததுதான் நடுவில் வந்த மாற்றம்.

முதல் இரண்டு ஆண்டு வேகத்தை வைத்துக் கோடு இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் பொய்த்திருக்கிறது. வீ யூ-வுக்கு முந்தைய நிண்டெண்டோ பெட்டியான வீ, 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் மட்டும் 2 கோடியே 59 லட்சம் விற்றது. மூன்றே ஆண்டில் அது 98 லட்சமாக இறங்கியது. பிளேஸ்டேஷன் 3 இதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் 599 டாலருக்கு வந்து தடுமாறிய பெட்டி அது. 2009-இல் 299 டாலருக்கு இறங்கிய பிறகே நிமிர்ந்து எட்டுக் கோடியைத் தாண்டியது. இந்தியாவில் அது 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்தது. அந்தப் பணத்துக்கு அன்று எங்கள் ஊரில் நல்ல பைக் கிடைக்கும். யாரும் யோசிக்கக்கூட இல்லை.

ஆகவே எங்கள் ஊர்களில் உண்மையிலேயே நின்று ஆடிய ஒரே பெட்டியைப் பார்க்க வேண்டும்: பிளேஸ்டேஷன் 2. ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்தது. 2013 தொடக்கத்தில்தான் உற்பத்தி முழுதாக நின்றது. உலகில் 16 கோடி விற்றதாக சோனி சொல்கிறது. வேறெந்த கன்சோலும் இந்த எண்ணைத் தாண்டியதாக நான் அறியவில்லை. 2000-இல் 299 டாலராக இருந்தது 2009-இல் 99 டாலர் ஆனது. மூன்றில் ஒரு பங்கு விலை.

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் 2008 வாக்கில் ஒரு கேம் கடை இருந்தது. பத்துக்குப் பத்து அறை. இரண்டு பெட்டி, இரண்டு பழைய டிவி, நான்கு ஜாய்ஸ்டிக். மேசைமேல் ஒரு நோட்டு. அதில் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். மணிக்கு இருபது ரூபாய். ஜாய்ஸ்டிக்கின் கட்டைவிரல் குமிழில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும். கீறல் விழுந்த சிடியைக் கடைக்காரர் பற்பசை தடவித் துணியால் துடைப்பார். லென்ஸ் சரியாகப் படிக்காத நாளில் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஓட்டுவார், ஓடும். மெமரி கார்டு ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் “தொடாதே” என்று எழுதியிருந்தது. அது கடைக்காரர் தம்பியுடையது. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பையன்கள் வீட்டுக்குப் போகும் முன் அரை மணி நேரம் மல்யுத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சனி, ஞாயிறில் பஸ் ஏறி வரும் கூட்டம் தனி. ஆடிப்பூரத் தேருக்கு வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேரடியிலிருந்து நேராக இங்கே வந்த வருடமும் உண்டு.

அந்தக் கடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, நான்கு ஜாய்ஸ்டிக். நிறைந்த நாளில் நாற்பத்தெட்டு மணி நேர ஆட்டம். ஆளுக்கு ஒரு மணி என்றால் நாற்பத்தெட்டு பேர். சோனியின் பேரேட்டில் இது இரண்டு பெட்டி. ஒரு வாரத்தில் அந்த அறைக்குள் இருநூறு பேராவது வந்துபோயிருப்பார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு பெட்டி என்பது ஒரு வீட்டின் கூடம். எங்கள் ஊரில் ஒரு பெட்டி என்பது ஒரு தெரு. விற்பனை எண்ணை மட்டும் வைத்து இந்த ஊரின் ஆசையை அளக்க முயன்றவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தவறினார்கள்.

அந்தச் சந்தில் எந்த கேம் ஓடியது என்பதில்தான் ஒரு பெட்டியின் கேம் பட்டியலுக்கு உள்ள பலம் உண்மையில் தெரியும். பிளேஸ்டேஷன் 2-க்கு ஆயிரக்கணக்கில் கேம் வந்தன. எங்கள் கடையில் ஓடியவை ஐந்தாறு: ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07, ஸ்மாக்டவுன் மல்யுத்தம், ஃபிஃபா, டெக்கன், காட் ஆஃப் வார், ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். இவற்றில் நான்கு, இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுபவை. இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு வேலை இருந்தால் காசு பங்காகும், தோற்றவன் இன்னொரு மணி நேரம் கேட்பான். ஆனால் சான் ஆண்ட்ரியாஸ் பெரும்பாலும் ஒற்றை ஆள் ஆடுவது. அதுவும் கொடிகட்டிப் பறந்தது. இருவர் ஆடும் கேம்தான் ஓடும் என்ற என் விதிக்கு அது அடங்கவில்லை. பின்னால் நிற்கும் நாலு பேரும் பார்த்துக்கொண்டே சத்தம் போடலாம், சீட் கோடை நோட்டில் எழுதிவந்து படித்துக் காட்டலாம், ஆள் மாற்றி ஆள் ஆடலாம். ஆகவே இருவர் ஆடும் கேம் என்பதைவிட, கூட நிற்பவனுக்கும் இடம் தரும் கேம் என்று சொல்வது சரி.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சோனி இந்தியாவுக்கென்றே செய்த பட்டியலை எடை போடலாம். இந்தியாவில் இப்படி ஒரு முயற்சி நடந்ததே பெரிய விஷயம். அதை மதித்தே சொல்கிறேன். 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது. அதே ஆண்டில் அதே ஊரின் கேம்சாஸ்திரா செய்த ‘தேசி அட்டா’ வந்தது: கபடி, கில்லி, பட்டம். 2010-இல் மும்பையின் டிரைன் செய்த ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’, 2012-இல் அதன் இரண்டாம் பாகம். 2011-இல் ஷாருக்கானின் ‘ரா ஒன்’, 2013-இல் ‘டான் 2’. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். உலகம் பிளேஸ்டேஷன் 4-க்குக் காத்திருந்த ஆண்டில் இந்தியாவுக்கு இன்னும் பிளேஸ்டேஷன் 2 கேம் வந்துகொண்டிருந்தது. இந்தப் பெட்டி இங்கே எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் சந்தில் இவற்றில் நிலைத்து ஓடியது தெருக் கிரிக்கெட் ஒன்றுதான். இரண்டாம் பாகம் வந்ததே அது மற்ற இடங்களிலும் எடுபட்டதைக் காட்டுகிறது. ஹனுமான் ஒற்றை ஆள் ஆட்டம், சண்டை மெதுவானது, காட் ஆஃப் வார் ஆடிய கைக்கு அது பிடிபடவில்லை. தெய்வத்தை ஜாய்ஸ்டிக்கால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியதாகச் செய்தி வந்தது. ஆண்டாள் கோயில் ஊரிலிருந்து வந்த பையன்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அவர்களுக்கு கேம் மெதுவாக இருந்ததுதான் குறை. சினிமாவை ஒட்டி வந்த கேம், சினிமா தியேட்டரை விட்டுப் போனதும் போய்விட்டது. நம் கதை, நம் ஊர் என்ற பெயருக்காக மட்டும் யாரும் இருபது ரூபாய் தரவில்லை. தெருக் கிரிக்கெட்டுக்குத் தந்தார்கள் என்றால், வெளியே வெயிலில் ஆடியதையே உள்ளே உட்கார்ந்து நண்பனுக்கு எதிராக ஆட முடிந்ததால் தந்தார்கள். மண்வாசனை கேமின் ஆட்டத்துக்குள் இருக்க வேண்டும். அட்டைப்படத்தில் இருந்தால் போதாது.

கள்ளப் பிரதியைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைத்த நகல் சிடிகள்தான், சிப் வைத்த பெட்டிகளில், எங்கள் கடைகளை நடத்தின. அவை பெட்டியை விற்றன. கேம் செய்தவனுக்கு எதையும் தரவில்லை. ஹைதராபாத்திலும் மும்பையிலும் இரவு பகலாக உழைத்தவர்களுக்கு ராஜபாளையத்தில் தங்கள் கேமை எத்தனை பேர் ஆடினார்கள் என்று தெரிய வழியே இல்லை. தெரிந்திருந்தால் அடுத்த கேம் வேறாக இருந்திருக்கும். இந்த இழப்பை நான் சிறியதாக நினைக்கவில்லை.

பெட்டியை வீழ்த்தியது போட்டிப் பெட்டி இல்லை. மின்வெட்டு ஓர் அடி: 2012-இல் ஆட்டம் பாதியில் நின்றால் நேரத்தைக் கழித்துக்கொடுத்தே கடைக்காரர் களைத்துப்போனார். சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் மெமரி கார்டும் போச்சு. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனின் மடிக்கணினியில் கிரிக்கெட் 07-ம் வைஸ் சிட்டியும் பென் டிரைவ் வழியாக ஏறின. பேட்டரி இருந்ததால் மின்வெட்டிலும் ஓடின. 2016-இல் ஜியோ, 2018-இல் பப்ஜி. நான் அறிந்த மூன்று கடைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. எந்தக் கணிப்பாளரும் கன்சோல் விற்பனை அட்டவணையில் மடிக்கணினித் திட்டத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்க மாட்டார். எங்கள் ஊரில் அதற்குத்தான் முதல் கட்டம் போட்டிருக்க வேண்டும்.

கலையாக எடை போட்டால் வேறு விடை வரும், அதையும் சொல்ல வேண்டும். 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்த் தாய், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி வார்க்கிறாள்; விட்டுப்போன சொல்லை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. கன்சோலில் தமிழுக்குக் கிடைத்த மிக நல்ல விஷயம் அதுதான் என்பேன். ஆனால் ஒரே மாலையில் முடிந்துவிடும், கணினியிலும் கிடைக்கும். அதற்காக ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி யாரும் வாங்கப்போவதில்லை. பட்டியலின் பெருமையை உயர்த்தும் கேம் வேறு, பெட்டியை விற்கும் கேம் வேறு.

இனி அண்ணன் மகனின் கேள்வி. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது; 2022 நவம்பரில் 54,990 ஆனது. பிளேஸ்டேஷன் 2-ஐ நிற்க வைத்தது இறங்கிக்கொண்டே போன விலை. இங்கே விலை ஏறுகிறது. உலகில் 2025 நடுவில் 8 கோடியைத் தொட்டது. முந்தைய பெட்டி விற்ற 11 கோடி சொச்சத்துக்கு அருகில் போய் நிற்கும், 16 கோடியை நெருங்காது. ஸ்விட்ச் 2 2025 ஜூன் 5-இல் வந்து நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. வேகம் பெரிது, ஆனால் வீ-யின் வேகத்தையும் பார்த்திருக்கிறோம். முதல் ஸ்விட்சின் மொத்தத்தை இது எட்டாது என்றே கணிக்கிறேன். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதும் இல்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது கொண்டுவர வேண்டும், பழுதானால் கொண்டுபோக இடம் இல்லை.

ஆகவே அவனுக்குச் சொன்னேன்: சிடி போடும் வகை பிளேஸ்டேஷன் 5 வாங்கு, சிடி இல்லாத வகையை வாங்காதே. பழைய சிடியை வாங்கலாம், ஆடி முடித்து விற்கலாம், ராஜபாளையத்திலிருக்கும் நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம். கூடவே இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கும் பணம் எடுத்து வை.