ஒரு வண்டிக்கு மதிப்புரை

புஸ்தகங்களுக்கு மதிப்புரை எழுதிப் பழகியவனிடம் எதையும் கொண்டுவந்து காட்டி அபிப்பிராயம் கேட்கக் கூடாது. என் அண்ணா பையன் கேட்டுவிட்டான். சேலையூரில் அவர்கள் வீட்டு மாமரத்தடியில், ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். வேலை முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று சொன்னான். தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து பஸ் பிடித்துப் போனேன்.

"எப்படி இருக்கு, சித்தப்பா?"

நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் சுலபத்தில் வருவதில்லை. தொழில் கோளாறு.

வண்டி என் அண்ணாவுடையது. ராயல் என்பீல்டின் தண்டர்பேர்டு; 346 ஸி.ஸி.; 2013-ல் வாங்கினார். கிண்டிக்கு அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். இப்போது அவர் இல்லை. அப்பா விட்டுப் போன கைப்பிரதியைத் திருத்த உட்கார்ந்தவன் நிலையில் பையன் இருந்தான். அண்ணி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வண்டியின் வம்சமே விசித்திரமானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த புல்லட்டை, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் 1955-ல் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் பூட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் உறுப்புகளையும் இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. மூலம் அழிந்து மொழிபெயர்ப்பு மட்டும் நிலைத்துவிட்ட நூல்கள் உண்டு அல்லவா, அந்த ஜாதி. அந்தக் குடும்பத்தில் 2002-ல் அமெரிக்க ஜாடையோடு பிறந்தது தண்டர்பேர்டு. 2020-ல் அதை நிறுத்தி, அந்த இடத்துக்கு மீட்டியாரைக் கொண்டுவந்தார்கள்.

க்ரூயிஸர் என்று இந்த ஜாடைக்குப் பெயர். தாழ்ந்த ஆசனம், முன்னால் நீட்டிய கால், நிமிர்ந்த முதுகு. முன்னூறு மைல் திருப்பமே இல்லாத சாலைக்கு ஏற்பட்ட தோரணை. காம்ப் ரோடு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு அந்தத் தோரணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், ஈஸிசேரோடு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் ஞாபகம் எனக்கு வரும். அண்ணா அப்படித்தான் பத்து வருஷம் உட்கார்ந்து போனார், பாவம். முதுகுவலிக்கு நல்லது என்பார்.

வண்டிகளை வீட்டில் வைத்து உருமாற்றும் பழக்கம் பெரிதாகப் பரவியது அமெரிக்காவில், இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு. ஊர் திரும்பிய சிப்பாய்களும் மற்ற இளைஞர்களும் கனத்த வண்டிகளில் மட்கார்டை வெட்டினார்கள். வேண்டாததைக் கழற்றி எறிந்தார்கள். கனம் குறைந்தால் வேகம் வரும் என்பதுதான் கணக்கு. இதை நான் மதிக்கிறேன். நல்ல எழுத்தாளன் இரண்டாவது பிரதியில் செய்கிற காரியம் அது. பின்னால் வந்தவர்கள் முன்சக்கரத்தை எட்டத்தில் தள்ளி, ஹாண்டில்பாரை உயர்த்தி, பளபளக்கும் உலோகத்தை ஏற்றினார்கள். 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அந்த உருவத்தை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. அந்தப் படத்தின் வண்டிகளை உருவாக்கிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பர்களின் பெயர் படத்தில் போடப்படவில்லை. கலையுலகத்தில் இதுவும் பழைய கதைதான்.

நம் பையன் இரண்டு காலத்தையும் ஒன்றாகச் செய்துவிட்டான். கழற்றியதும் உண்டு, ஏற்றியதும் உண்டு.

ஏற்றியது ஹாண்டில்பார். தோள் உயரத்துக்கு நிற்கிறது. பிடித்தால் கிளையில் தொங்குவதுபோல் இருக்கிறது. அமெரிக்காவிலும் குரங்கின் பெயரால்தான் இதை அழைக்கிறார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி வந்திருந்தான். ஹாண்டில்பாரை உயர்த்தினால் கிளச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிரேக் குழாய் மூன்றையும் நீளமானவையாக மாற்ற வேண்டும். பையன் இரண்டை மாற்றினான். ஆக்ஸிலரேட்டர் கேபிள் எட்டுகிறதே என்று விட்டுவிட்டான். நேராகப் பிடித்தால் எட்டத்தான் எட்டியது.

கழற்றியது பின்மட்கார்டில் பாதி. அதோடு புடவைத் தடுப்பு. அழகைக் கெடுக்கிறதாம். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது. புடவை கட்டி ஒருபக்கமாக உட்காரும் பெண்களை நினைத்து எழுதிய விதி. வேறு தேசத்துப் படங்களைப் பார்த்து அதை எடுக்கிறவன், தன் வீட்டில் யார் பின்னால் உட்காரப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

நான் போனதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணிதான் உட்கார்ந்திருக்கிறாள். காம்ப் ரோட்டில் மெதுவாக ஹாண்டிலை முழுக்க ஒடித்துத் திரும்பியபோது, விறைத்திருந்த கேபிள் தானாக இழுத்துக்கொண்டு எஞ்சின் உறுமி, வண்டி முன்னால் பாய்ந்திருக்கிறது. கிளச்சைப் பிடித்து நிறுத்திவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்தானை ஓரத்தில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கறுப்புக் கறை. துணி சக்கரத்தைத் தொட்டிருக்கிறது, அதற்குமேல் போகவில்லை. அண்ணி அந்தப் புடவையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். பையனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மோட்டார் சைக்கிளை வைத்து எழுதிய நாவல்களில் உலகம் அதிகம் படித்தது ராபர்ட் பர்ஸிக் 1974-ல் வெளியிட்டது. தலைப்பிலேயே ஜென் தத்துவத்தையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் கோத்திருப்பார். காசி ஹிந்து சர்வகலாசாலையில் கொஞ்ச காலம் தத்துவம் படித்தவர். பிரசுரகர்த்தர்கள் 121 பேர் மறுத்த புஸ்தகம் என்பார்கள். அதன் பிற்பாதித் தத்துவப் பிரசங்கம் எனக்கு அலுப்பூட்டுகிறது. மறுத்தவர்களில் சிலர்மேல் எனக்கு அனுதாபம்கூட உண்டு. ஆனால் ஆரம்பத்தில் ஒரு சம்பவம் வருகிறது. நண்பரின் உயர்ந்த ஜெர்மன் வண்டியில் ஹாண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி உள்ளே சொருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதை சொல்கிறவர். நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது; ஒப்புக்கொள்ளவில்லை. பல பக்கம் வாதிட்டும் விளங்காததை அந்தத் தகட்டுத் துண்டு விளக்கிவிடுகிறது. ஒருவர் தகட்டைப் பார்க்கிறார். மற்றவர் பீர் டப்பாவைப் பார்க்கிறார்.

பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "நான் அப்படி இல்லையே, நானேதானே எல்லாம் செய்கிறேன்" என்றான். ஸ்பானரைத் தானே பிடித்தான் என்பது வாஸ்தவம். ஆனால் எதைச் செய்வது என்பதை வேறு யாரோ அவனுக்காக முடிவு செய்திருந்தார்கள்.

ஸைலன்ஸர் பற்றி விரிவாக எழுத எனக்குப் பிரியமில்லை. உள்ளே தடுப்பில்லாத வெறுங்குழல். புகை தாராளமாகப் போகிறது. கார்புரேட்டரோ பழைய கணக்குப்படியே பெட்ரோல் விடுகிறது. கலவை மெலிந்து, வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கிறது. அதைக் கம்பீரம் என்றான். பதவுரை தெரியாமல் உரக்கப் படிப்பதைக் கம்பீரம் என்று நினைப்பவர்களை நான் மேடைகளில் பார்த்திருக்கிறேன். பெரிய மோட்டார் சைக்கிளுக்கு 80 டெஸிபல் என்று சர்க்கார் வரம்பு வைத்திருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றெல்லாம் வந்தது. மூலபாடத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்கிற பண்டிதர் கட்சியில் நான் சேர்ந்தவன் அல்ல. ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் தூக்கம் வராத கிழவர்களும் உள்ள தெருவில் இந்தக் குழல் விஷயத்தில் பண்டிதர் சொல்வதே சரி.

இத்தனையும் சொல்லிவிட்டு எழுந்திருக்கும்போதுதான் அவன் ஆசனத்தைக் கழற்றி ஒன்றைக் காட்டினான். பெரிய விஷயமாக நினைத்துக் காட்டவில்லை; ஆசனத்தின் பூட்டு இறுகுகிறதா என்று பார்க்கக் கழற்றினான்.

முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது என்று அண்ணா வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பலர் இதற்குச் செய்கிற வைத்தியம் நூறு வாட் பல்பு போடுவது. எதிரே வருகிறவன் கண் குருடாகும். மெல்லிய கம்பி சூடேறிப் பல்பின் பிடி உருகும். பையன் பல்பை மாற்றவில்லை. 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். அந்த மின்சாரம் ஹாண்டிலிலுள்ள ஸ்விட்ச் வரை போய்ச் சுற்றிவருவதில் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் வீணாகிவிடுகிறது. பாட்டரியிலிருந்து கனத்த கம்பி ஒன்றை நேரே எடுத்து, பியூஸ் வைத்து, ரிலே மூலம் விளக்குக்கு விட்டிருந்தான். ஸ்விட்சுக்கு இப்போது ரிலேயைத் தட்டிவிடுகிற வேலைதான். அதே பல்பு, பளிச்சென்று எரிகிறது. இணைப்பு ஒவ்வொன்றையும் ஈயம் வைத்துப் பற்றி, மழைத்தண்ணீர் போகாமல் உறையிட்டு, உராயும் இடத்தில் துணிநாடா சுற்றியிருந்தான். டாங்கிக்கு அடியில் ஓடுகிற அந்தக் கம்பியை இனி யாரும் பார்க்கப் போவதில்லை.

"இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

"யாரும் இல்லை, சித்தப்பா. ராத்திரி ஏரிக்கரைப் பக்கம் வரும்போது அம்மாவுக்குப் பயமா இருந்தது."

நன்றாயிருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் புடவைத் தடுப்பைத் திரும்பவும் பூட்டிவிட்டதாகச் சொன்னான். நீளக் கேபிள் ஒன்று வாங்கிவிட்டு, பிறகு அதையும் போடாமல் பழைய ஹாண்டில்பாரையே ஏற்றிவிட்டான். ஸைலன்ஸர் விஷயத்தில் இன்னும் என்னோடு வழக்காடிக்கொண்டிருக்கிறான். பழைய ஸைலன்ஸர் மாமரத்தடியில் கிடந்தது. துருப்பிடித்துவிடும் என்று அண்ணி அதைத் துடைத்துச் சாக்கில் சுற்றி உள்ளே எடுத்து வைத்திருக்கிறாள்.