ஆய்வுக்காரர் திரும்பி வரவேண்டும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது வல்லம் ஒன்றியம். ஏரித் தண்ணீரையும் வானத்தையும் நம்பி விவசாயம் நடக்கிற ஊர்கள். இப்படிப்பட்ட ஊர்களில் நூறு நாள் வேலை என்றாலே ஏரி தூர்வாருவதும் வரத்துக்கால்வாயைச் சீர்செய்வதும்தான் முதலில் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய வருகையைப் பதிய 2021 மே மாதம் ஒன்றிய அரசு ‘என்.எம்.எம்.எஸ்.’ என்ற கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகளைத் தவிர எல்லாப் பணித்தளங்களிலும் அது கட்டாயமானது. நாளைக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதிவாகும் புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது.

நாடெங்கும் புகார்கள் கிளம்பின. சிக்னல் இல்லை; செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது; படம் ஏறாததால் கூலி போனது. இவற்றையெல்லாம் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் திருத்திவிடலாம். ஆனால் இன்னொரு புகார் அதைவிட ஆழமானது. அளந்துவிட்ட வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுச் சமையலுக்கும் மாட்டுக்கும் திரும்புவது பெண்களின் வழக்கம். இரண்டாவது படத்துக்காக, வேலை முடிந்த பிறகும் அவர்கள் பணித்தளத்தில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏரி வேலைக்கு அலுவலக நேரத்தைப் பொருத்தியவர்கள் ஒரே ஒரு வாரம் கரையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

ஒரு கருவியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறியும் பயனர் அனுபவ ஆய்வில் இருப்பவர்கள் அந்தப் ‘பார்த்தலை’ ஒரு முறையாகவே வளர்த்திருக்கிறார்கள். எதைக் கவனிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். யார் கையில் போன் இருந்தது, எந்த இடத்தில் விரல் தயங்கியது, எப்போது பக்கத்திலிருப்பவரிடம் உதவி கேட்டார், எத்தனை நிமிடம் ஆனது என்று குறிப்புத்தாளில் பதிவார்கள். ஒரே காட்சியை இருவர் தனித்தனியே குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. இருவரின் தாளும் ஒத்துப்போகாவிட்டால் குழப்பம் பயனரிடம் இல்லை, கவனித்தவர்களிடம் இருக்கிறது என்று பொருள்.

இதன் பெரிய பலம், வாய்ச்சொல்லைத் தாண்டிப் போவது. “சுலபமாக இருக்கிறதா?” என்று ஓர் அதிகாரியோ வெளியூர்க்காரரோ கேட்டால், நம் ஊர்களில் “நல்லாத்தான் இருக்கு சார்” என்ற பதில்தான் முதலில் வரும். அது மரியாதை, தகவல் அல்ல.

பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் கிராமப் பள்ளிகளில் கண்டது இதற்கு நல்ல சான்று. ஒரு கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மவுஸ் மட்டும் ஒரே கையில் இருந்தது, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரே திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மவுஸ், ஒரு அம்புக்குறி என்ற ஏற்பாடு 2006 வாக்கில் அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது.

விழுப்புரத்தை ஒட்டிய புதுச்சேரியில் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியை இறக்குவதற்கு முன், ஊர் மக்கள் யாரிடம் என்ன விசாரிக்கிறார்கள், எந்தக் கடையில், எந்தச் சந்தையில் செய்தி அறிகிறார்கள் என்று ஆராய்ந்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம்தான் முக்கியம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கணினி முன் வந்து உட்காரமாட்டார் என்று புரிந்துகொண்டவர்களுக்குத்தான் ஒலிபெருக்கி தோன்றும். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாடு மக்களுக்குச் சொல்லி அவர்களைக் காப்பாற்றியதும் அதே திட்டத்தின் ஒலிபெருக்கிதான்.

இவ்வளவு பலமுள்ள முறைக்குக் குறைகளும் உண்டு. அவை சிறியவை அல்ல. முதலாவது, பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் மனிதர் மாறிவிடுவார். சிகாகோ அருகே ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளை வைத்து இதற்கு ‘ஹாத்தார்ன் விளைவு’ என்றே பெயர் வந்தது. அந்தத் தரவுகளை 2011-ல் மறுபடி அலசிய பொருளியலாளர்கள், விளைவு சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதல்ல என்றார்கள். ஆனாலும் இ-சேவை மையத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் நின்றால், பணியாளர் அன்றைக்குக் கூடுதல் பொறுமையோடு பேசுவார் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டாவது குறை, கண்ணுக்குச் செயல் தெரியும், காரணம் தெரியாது. ஒரு பெண் போனைத் தன் மகனிடம் நீட்டுகிறார். எழுத்து புரியவில்லையா, கண்ணாடி கொண்டுவரவில்லையா, தவறாக அழுத்திப் பணம் போய்விடுமோ என்ற பயமா? குறிப்புத்தாளில் மூன்றும் ஒரே வரிதான். கேட்டால்தான் தெரியும், அதனால் கவனிப்பும் உரையாடலும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாது.

மூன்றாவது குறைதான் மிகவும் கவலை தருவது: அவசரம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியது இந்தத் தொழிலில் வேதவாக்காகிவிட்டது. ஒரே மாதிரியான பயனர்களுக்கு அது பொருந்தலாம். வெவ்வேறு வகையினர் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்று அவரே சொன்னதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியே இருக்கும் கிராமத்தில் ‘ஐந்து பேர்’ எந்தப் பக்கத்து ஐந்து பேர்?

இந்தக் கேள்விக்கு விழுப்புரம் மாவட்டமே ஒரு பழைய பாடம் வைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பித் தகவல் திரட்டச் செய்து 1918-ல் நூலாக வெளியிட்டார். அதில் ஒன்று திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து இருவேல்பட்டு. அன்றைக்குக் கல்லூரி வரை போக முடிந்தவர் எந்தத் தெருவிலிருந்து பார்த்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆய்வு அதோடு நிற்கவில்லை. 1930-களில் தாமஸும் ராமகிருஷ்ணனும், 1981-ல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் திரும்பிப் போனார்கள். பெருநிலக்காரர் பிடி தளர்ந்ததும், தலித் மக்கள் அவர்களைச் சார்ந்திருந்த நிலை குறைந்ததும் இப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் பதிவாயின. ஒருவர் பார்வையின் சாய்வை அடுத்தவர் பார்வை திருத்தியது.

ஒரு செயலிக்காகத் தொண்ணூறு ஆண்டு காத்திருக்க முடியாதுதான். ஆனால் இரண்டு நாள் களப்பயணம் போய்ப் படங்களோடு திரும்பி, ‘கிராமப் பயனர்’ என்று ஒரு கற்பனை முகத்தை வரைந்து வைப்பதை ஆய்வு என்று ஏற்கவும் முடியாது. என்.எம்.எம்.எஸ். செயலியின் பணித்தளத்துப் புகைப்படங்கள் எத்தனை தலைகள் என்று எண்ணின. அந்தத் தலைகள் எப்போது வேலையை முடித்தன, ஏன் காத்திருந்தன என்று சொல்லவில்லை.

அரசுத் துறைகள் செயலிக்கு ஒப்பந்தம் போடும்போது நான்கு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். நடவு காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை களத்தில் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கப்படுபவர் சம்மதம் தந்திருக்க வேண்டும். அவர் செலவிடும் நேரத்துக்குக் கூலி தரவேண்டும். செயலி வெளியான ஓராண்டில் அதே ஊருக்குத் திரும்பிப் போய், மாறியது என்ன என்று எழுதித் தரவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்கக் கூடாது.