காத்திருப்பின் வரவும் செலவும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் ஆட்டத்தின் கடிகார நேரம் 60 நிமிடம். இடைவேளை, விளம்பரம் எல்லாம் சேர்ந்தாலும் மூன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அதற்காக ரசிகர்கள் காத்திருப்பதோ மூன்று வாரம், நான்கு வாரம். டிசம்பர் தொடக்கத்தில் யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல் வெளியாகிறது. பருவ முடிவில் நடக்கும் ‘பவுல்’ எனப்படும் சிறப்பு ஆட்டங்களில் பெரியவை புத்தாண்டையொட்டி வருகின்றன. இடைப்பட்ட நாட்களில் பல்கலைக்கழக நகரங்கள் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஊர்போல ஆகிவிடுகின்றன. வேறு பேச்சே கிடையாது. இந்த விளையாட்டு தரும் இன்பத்தில் பாதிக்கு மேல் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. அதன் வருமானமும் கோளாறுகளும்கூட அங்கேதான் விளைகின்றன. ஆட்டத்தை அலசும் கூட்டம் பெரிது. காத்திருப்பை எடைபோடுவோர் குறைவு.

முதலில் கொஞ்சம் பின்னணி. இது நாம் ஆடும் கால்பந்து கிடையாது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி, கஜம் கஜமாக முன்னேறும் ஆட்டம். கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் 1890 முதல் புத்தாண்டையொட்டி ரோஜா அணிவகுப்பு நடக்கிறது. நாடே பனியில் உறைந்திருக்கும்போது இங்கே பூ பூக்கிறது என்று காட்டி ஆள் இழுப்பதுதான் நோக்கம். 1902-இல் அதனோடு ஒரு ஃபுட்பால் ஆட்டத்தையும் சேர்த்தார்கள். மிச்சிகன் அணி 49–0 என்று ஸ்டான்ஃபோர்டை நசுக்கியதில் சுவாரசியமே போய்விட்டது. இடையில் தேர்ப் பந்தயமெல்லாம் நடத்திப் பார்த்துவிட்டு, 1916-இல்தான் மறுபடி ஃபுட்பாலுக்குத் திரும்பினார்கள். அந்த ரோஸ் பவுல் வேரூன்றியதைக் கண்டு 1935-இல் மயாமியில் ஆரஞ்ச் பவுலும் நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுலும், 1937-இல் டல்லாஸில் காட்டன் பவுலும் கிளம்பின.

ஆக, பவுல் ஆட்டம் பிறந்ததே சுற்றுலா வியாபாரத்தில்தான். அந்தக் காலம் புனிதமானது, பணம் வந்து கெடுத்தது என்ற புலம்பல் இங்கே எடுபடாது. மாறியது வேறு. முன்பு பவுல் என்பது பருவம் முழுக்க உழைத்த அணிக்குக் கிடைத்த பரிசு. போய் ஆடியதே பெருமை. 2014 பருவத்தில், தேசியப் பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதும் பிளேஆஃப் வந்தது. 2024-இல் அது 12 அணிகளாக விரிந்தது. இப்போது பெரிய பவுல்கள் பட்டத்துக்கு ஏறும் படிக்கட்டுகள். எதிர்பார்ப்பின் குணமும் அதோடு சேர்ந்து மாறிவிட்டது.

இதன் நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம். அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் தொழில்முறை என்எஃப்எல் அணி கிடையாது. சனிக்கிழமை ஆடும் கல்லூரி அணிதான் மாநிலத்தின் அணி. அங்கே படிக்காதவர்களும் அதைத் தங்கள் அணி என்கிறார்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் நகரில், மிச்சிகனோடு மோதும் வாரத்தில் வளாகப் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்துகளின்மேல் எல்லாம் சிவப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டிவிடுவார்கள். வாத்தியக் குழு மைதானத்தில் நடந்தபடியே ‘ஒஹாயோ’ என்று கூட்டெழுத்தில் எழுதிக் காட்டுவது 1936 முதல் உள்ள வழக்கம். அதில் ‘ஐ’ எழுத்துக்குப் புள்ளி வைக்க சூசாஃபோன் வாசிக்கும் ஒரு மாணவர் மட்டும் தனியே மிடுக்காக நடந்து வருவார். அந்தக் கணத்தில் ஒரு லட்சம் பேர் எழுப்பும் கூச்சலுக்கும் ஸ்கோருக்கும் சம்பந்தமில்லை. அது ஊரின் உரிமைக் குரல். தாத்தாவும் பேத்தியும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரே ஆவேசத்தோடு பேசிக்கொள்ள இந்தக் காலத்தில் எத்தனை சந்தர்ப்பம் இருக்கிறது?

காத்திருப்பு ரசிகரைத் தேர்ச்சியுள்ளவராகவும் ஆக்குகிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு வாரம்தான் என்றால் தன் அணியைப் பற்றி மட்டும் பேச நேரம் இருக்கும். மூன்று வாரம் கிடைத்தால் எதிரணியின் தடுப்பு வரிசை எந்தப் பக்கம் பலவீனம், அவர்களுடைய தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நெருக்கடியில் எந்தப் பக்கம் ஓடுவார் என்பதெல்லாம் மளிகைக்கடை வாசலில்கூட அலசப்படும். எதிரியை இவ்வளவு நுணுக்கமாகப் படிப்பதில் ஒரு மரியாதையும் ஒளிந்திருக்கிறது.

இனி மறுபக்கம். முதல் குறை: காத்திருப்பைச் சரக்காக்கி விற்கிறார்கள். பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் 13 பேர் கொண்ட குழு நவம்பரிலிருந்து வாரந்தோறும் தரவரிசை வெளியிடுகிறது. செவ்வாய் இரவு ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி அதைத் தனி நிகழ்ச்சியாக ஒளிபரப்புகிறது. இறுதிப் பட்டியல் ஒன்றுதான் செல்லுபடியாகும். முன்னால் வருபவை எல்லாம் வாயைக் கிளறுவதற்கு. அதே ஈஎஸ்பிஎன்தான் பிளேஆஃப் உரிமையை 2031–32 பருவம் வரை 780 கோடி டாலருக்கு வாங்கியிருக்கிறது. வாரந்தோறும் பதற்றம் ஏற ஏற யாருக்கு லாபம் என்று கேட்கத் தேவையில்லை.

அந்தப் பதற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2023 சாட்சி. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்தில் 13 வெற்றி. தன் பிரிவின் சாம்பியன். ஆனால் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் அடிபட்டு வெளியேறியிருந்தார். அவர் இல்லாத அணி பழைய அணி அல்ல என்று சொல்லி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவைப் பிளேஆஃபின் கடைசி இடமான நான்காவது இடத்தில் வைத்தது குழு. களத்தில் வென்றதைவிட அறையில் கணித்தது மேலாகிவிட்டது. மனம் கசந்த அணியிலிருந்து முன்னணி வீரர்கள் பலர் விலகினார்கள். மிஞ்சியவர்கள் ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றார்கள். பிளேஆஃப் ஒன்றே குறி என்று ஆனபின் மற்ற பவுல்களுக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது என்பதை அந்த ஸ்கோர் சொல்லிவிட்டது.

இரண்டாவது குறை, எதிர்பார்ப்பு உரிமையாகத் திரிவது. 2024 நவம்பர் 30 அன்று, அதுவரை ஆறு வெற்றி ஐந்து தோல்வியோடு தடுமாறிய மிச்சிகன், நாட்டில் இரண்டாவது இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை அதன் மைதானத்திலேயே 13–10 என்று வீழ்த்தியது. வென்றவர்கள் நடுமைதானத்தில் கொடி நாட்டப் போக, கைகலப்பாகி, காவலர்கள் மிளகு ஸ்பிரே அடித்துத்தான் கலைக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் ரயன் டேயைத் துரத்த வேண்டும் என்று சொந்த ரசிகர்களே கொதித்தார்கள். ஏழு வாரத்தில் அதே டே தேசியப் பட்டத்தை வென்று கொடுத்தார். போதாக்குறைக்கு, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலம் மாநிலமாக விளையாட்டுச் சூதாட்டம் சட்டபூர்வமானது. இன்று இருபது வயது மாணவர் ஒரு பந்தைத் தவறவிட்டால் அது பலருக்குப் பண நஷ்டமும்கூட. தனிப்பட்ட கல்லூரி வீரர்கள்மேல் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுங்கள் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் 2024-இல் மாநிலங்களைக் கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

12 அணி முறை இவற்றில் எதைத் தீர்த்தது? நியாயமாகச் சொன்னால் பாதியை. இரண்டு தோல்விகளுடன் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பழைய முறையில் கதவு திறந்திருக்காது. புதிய முறை மறுவாழ்வு கொடுத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு அவர்கள் பட்டம்வரை போனார்கள். வென்ற அணியை அறை வாசலிலேயே நிறுத்திவைக்கும் அநீதி குறைந்தது. அதற்கு விலையாக, மிச்சிகனிடம் தோற்பதன் வலியும் கொஞ்சம் மலிவானது.

மீதிப் பாதிச் சுமை ரசிகரின் தலையில் இறங்கியது. ஒஹாயோ ஸ்டேட்டைத் தொடர விரும்பியவர் டிசம்பர் 21 கொலம்பஸ், ஜனவரி 1 பசடீனா, ஜனவரி 10 டெக்சஸின் ஆர்லிங்டன், ஜனவரி 20 அட்லான்டா என்று ஒரே மாதத்தில் நாட்டையே குறுக்கும் நெடுக்கும் அளந்திருக்க வேண்டும். கூலி வாங்கிப் பிழைப்பவருக்கு இது முடியுமா? ஏதாவது ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், எதற்குப் போவது என்ற கணக்கே ஆட்டத்தின் ருசியைக் கெடுத்துவிடும். ஓரிகன் ரசிகர்களின் கதி இன்னும் மோசம். தோல்வியே காணாமல் முதலிடம் பிடித்த அணிக்கு முதல் சுற்றில் ஓய்வுதான் பரிசு. சொந்த ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லை. 25 நாள் காத்திருந்து ரோஸ் பவுலுக்குப் போனால், அக்டோபரில் தாங்கள் 32–31 என்று வென்ற அதே ஒஹாயோ ஸ்டேட் இரண்டாம் கால்பகுதியிலேயே 34–0 என்று முன்னேறிவிட்டது.

அந்தப் பருவத்தில் எதிர்பார்ப்புக்கு உண்மையான ஈடு கிடைத்த இடம் முதல் சுற்றுதான். நான்கு ஆட்டங்களும் கல்லூரி மைதானங்களில் நடந்தன. கொலம்பஸில் உறைபனிக் குளிர். டெனசி ரசிகர்கள் சீட்டு வாங்கிப் படையெடுத்ததில், சிவப்பு நிற அரங்கில் ஆரஞ்சுச் சட்டைகள் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. ஒஹாயோ ஸ்டேட் 42–17 என்று வென்றது. நான்கு ஆட்டங்களிலும் சொந்த ஊர் அணியே பத்துப் புள்ளிக்குக் குறையாமல் வென்றதால் போட்டி சப்பென்று இருந்தது என்பவர்கள் உண்டு. ஸ்கோரை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் காத்திருந்த ஊர்க்காரரும் மாணவரும் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய ஆட்டம் அதுதான். தொலைதூர நடுநிலை அரங்கு அதைத் தராது.

எனவே தீர்ப்பு இதுதான். காத்திருப்பு இந்த விளையாட்டின் சொத்து. அதை ஒழிக்க வேண்டியதில்லை. அதை ஊரிடமிருந்து பிடுங்கி விற்பதைத்தான் குறைக்க வேண்டும். வாராந்தரத் தரவரிசைக் கூத்தை நிறுத்திவிட்டு, டிசம்பரில் ஒரே பட்டியல் வெளியிட்டால் போதும். முதல் சுற்றை ஒரு வாரம் முன்னே நகர்த்தி, காலிறுதியையும் தரவரிசையில் மேலே உள்ள அணியின் சொந்த மைதானத்தில் வைத்தால், ஜனவரி 1 அரையிறுதிகளுக்குக் கிடைக்கும். அவற்றைப் பழைய பவுல்களுக்கே கொடுக்கலாம். ரோஸ் பவுலின் பெருமையும் குறையாது, தரவரிசையில் மேலே உள்ள அணியின் ரசிகருக்குப் பயணமும் இரண்டு ஊரோடு நின்றுவிடும். டிசம்பர் நடுவில் தேர்வுகள் இருக்கின்றன என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் வீரர்கள் வேறு கல்லூரிக்குத் தாவுவதற்கான கதவை 2024-இல் பிளேஆஃபுக்கு முன்பே திறந்துவைத்து, ஆடவிருந்த அணிகளிலிருந்தே ஆட்கள் கிளம்பிப்போக வழிவிட்டவர்கள், படிப்பின் பேரைச் சொல்லி இதை மட்டும் தடுப்பது பொருந்தாது. ரசிகர்களும் ஒன்றைச் செய்யலாம். தோற்றவரைத் திட்டுவதற்குமுன், களத்தில் நிற்பவர்களில் பலருக்கு இருபது வயதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.