தட்டில் பாரதி, மேடையில் தீட்சிதர்: பட்டம்மாளை எங்கே எதைக் கேட்பது?

டி.கே. பட்டம்மாள் ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. தீட்சிதர் கீர்த்தனை என்றால் பட்டம்மாள்தான், மற்றதெல்லாம் உபரி என்பது ஒரு கட்சி. பாரதி பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர், மற்றதைச் சபாக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு கட்சி. டிசம்பர் வந்தால் இரண்டு கட்சியும் முட்டிக்கொள்ளும்.

எட்டயபுரத்துக்காரனுக்கு இதில் ஒரு தர்மசங்கடம். இரண்டு பேருமே எங்கள் ஊர்க் கணக்கு. முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று கண்ணை மூடியது இங்கே, சமாதியும் இங்கேதான். பாரதி 1882 டிசம்பர் 11 அன்று பிறந்ததும் இங்கே. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் பாரதி வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தீட்சிதர் சமாதிக்கு வழி கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால், அவர்கள் பாட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஊரே இப்படி இரண்டு வாசலாக இருக்கும்போது, இரண்டையும் ஒரே தொண்டையில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரை நாங்கள் கொண்டாடாமல் யார் கொண்டாடுவது?

என் கணிப்பு இதுதான். இரண்டு கட்சியும் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறது. தவறான இடத்தில் தேடுகிறது. பட்டம்மாளின் பாரதியைப் பழைய தட்டில் கேட்க வேண்டும். தீட்சிதரைக் கச்சேரிப் பதிவில் கேட்க வேண்டும். மாற்றிக் கேட்டால் இரண்டும் பாதிதான். அவருடைய பாரதி பாட்டு அவ்வளவு திடமாக நிற்பதற்குக் காரணமே எட்டயபுரத்துத் தீட்சிதர் வீட்டுப் பாடம் என்பது என் இரண்டாவது வாதம். சபாக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

முதலில் அந்த வீட்டுக் கதை. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். பிடில் என்ற வெள்ளைக்கார வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அவர் தத்து எடுத்துக்கொண்ட பேரப்பிள்ளை சுப்பராம தீட்சிதர். அவர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. ஸ்வரத்தை மட்டும் எழுதிவிட்டு விடாமல், எந்த ஸ்வரத்தை அசைப்பது, எதை வழுக்குவது, எதைச் சும்மா நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட்ட புத்தகம் அது. இந்தக் கரிசல் ஊரில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு அச்சு வேலை நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. சுப்பராம தீட்சிதர் 1906-ல் மறைந்தபோது பாரதி இரங்கற்பா எழுதினார். ஆக, ஊரின் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு முற்றம் இருக்கத்தான் செய்தது.

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் பிற்காலத்தில் சென்னைக்குப் போனார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் பின்னாளில் நீதிபதியான டி.எல். வெங்கடராம ஐயர். இன்னொருவர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த பட்டம்மாள் என்ற சிறு பெண். அம்பி தீட்சிதர் 1936-ல் காலமானார். அதன் பிறகு மிச்சப் பாடத்தைப் பட்டம்மாள் வெங்கடராம ஐயரிடம் எடுத்துக்கொண்டார். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் லயக் கணக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, எட்டயபுரத்து நிதானத்தையும் பிடித்துக்கொண்டது. பட்டம்மாளின் பாட்டில் கேட்கிற இழுபறி முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

இனி தட்டுக்கு வருவோம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் ஓடும். பாடகர் மூச்சு வாங்குவதற்குள் ஊசி நடுவட்டத்துக்கு வந்துவிடும். இருபது ஓவர் ஆட்டம் மாதிரி. நின்று நிதானித்து ஆடவும் நேரம் இல்லை, விட்டதைப் பிடிக்கவும் வழி இல்லை. தீட்சிதரின் விளம்ப காலக் கீர்த்தனையை அதற்குள் அடைத்தால் ஒன்று ஓட்டமாக ஓட வேண்டும், இல்லை சரணத்தை நறுக்க வேண்டும். பாரதி பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தம் குறுகியது, சொல் நேரடியானது, மூன்றரை நிமிடம் தாராளம்.

1947 பொங்கலுக்கு வந்தது ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’. இசை ஆர். சுதர்சனம். திரையில் குமாரி கமலாவின் ஆட்டம், பின்னால் பட்டம்மாளின் குரல். ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ அப்போதுதான் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. சுதந்திரம் வந்துவிட்டதாகவே பாடும் பாட்டு அது. எழுதியவர் செத்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. இந்த இடைவெளியில் நின்று பாடுகிறவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பட்டம்மாள் உணர்ச்சிவசப்படவில்லை. நடந்து முடிந்த ஒரு காரியத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார். குரல் குழைவதே இல்லை. சொல்லின் தலையில் கமகம் ஏற்றாமல், சொல்லை முழுசாக வைத்துவிட்டு, வரி முடிகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பிருகா. இதைத்தான் நான் எட்டயபுரத்துப் பாடம் என்கிறேன். எதை அசைப்பது, எதைச் சும்மா விடுவது என்று குறி போட்டுக் கற்றுக்கொண்டவருக்குத்தான் சும்மா விடத் தைரியம் வரும்.

அதே படத்தில் ‘வெற்றி எட்டுத் திக்கும்’ பாட்டையும் போட்டுப் பாருங்கள். ‘எட்டு’ என்ற சொல்லில் ‘ட்’ விழுகிற இடத்தைக் கவனியுங்கள். தாளத்தின் அடியும் அந்த ஒற்றும் ஒரே நேரத்தில் இறங்கும். மிருதங்கம் இல்லாமல் அவர் குரலை மட்டும் கேட்டாலும் தாளம் தெரியும். அது நயினாப் பிள்ளை வழி வந்த சொத்து. இந்தப் பாட்டை எத்தனையோ பேர் மேடையில் பாடிக் கேட்டாகிவிட்டது. பெரும்பாலும் முழக்கம்தான் மிஞ்சுகிறது. பட்டம்மாள் முழங்கவில்லை, அடுக்குகிறார்.

1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்த இரவில் சென்னை வானொலியில் பாடவும் அவரையே அழைத்தார்கள். பொருத்தமான தேர்வு. சினிமாவில் காதல் பாட்டு, டூயட் எல்லாம் பாடுவதில்லை, பக்தியும் தேசபக்தியும்தான் என்று கறாராக இருந்தவர். ஆனால் 1948-ல் வந்த ‘வேதாள உலகம்’ படத்தில் ‘தூண்டிற் புழுவினைப்போல்’ பாடியிருக்கிறாரே, அது என்னவாம்? கண்ணனைக் காதலனாக வைத்து ஒரு பெண் தவிக்கும் பாட்டு. பக்தியென்று சொல்லித் தப்பிக்கலாம், குரல் தப்பிக்கவில்லை. நான் கேட்டவரை பட்டம்மாளின் திரைப்பாட்டுகளில் அவர் தன் கட்டுப்பாட்டை ஓரிடத்தில் தளர்த்தினார் என்றால் அது இதுதான். அதே படத்தில் உள்ள ‘தீராத விளையாட்டுப் பிள்ளை’ ராகமாலிகை இதைவிடப் புகழ் பெற்றது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் ஆடி ஆடித் தேய்ந்தும் போனது. என் ஓட்டு முதலாவதுக்குத்தான்.

பிறர் பாடிய பாரதியோடு ஒப்பிடாமல் அலசல் முடியாது. 1951-ல் ‘மணமகள்’ படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரி பாடிய ‘சின்னஞ்சிறு கிளியே’ இருக்கிறது. குழைவு என்று பார்த்தால் பட்டம்மாளால் அந்தப் பக்கம் வர முடியாது. அந்தப் பாட்டை அவர் பாடியிருந்தால் குழந்தை கொஞ்சம் பயந்திருக்கும். 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அது சொந்தப் படம். ஜி. ராமநாதனின் மெட்டுகள், திருச்சி லோகநாதனும் சீர்காழியும் பாடியவை. டிசம்பரிலும் செப்டம்பரிலும் எங்கள் ஊர் ஒலிபெருக்கியில் அதிகம் ஓடுவது இந்தப் படத்துப் பாட்டுகள்தான். கூட்டத்தைக் கட்டி இழுக்கும் சக்தி இதற்கு உண்டு, மறுக்கவில்லை. தனியாக உட்கார்ந்து சொல்லைக் கேட்க வேண்டுமென்றால் நான் ‘நாம் இருவர்’ தட்டுக்குத்தான் திரும்புவேன்.

இந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு வழக்காடு மன்றமும் உண்டு. பாரதி பாட்டைப் படத்தில் பாட உரிமை யாருக்கு என்ற சண்டையில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் கையில் உரிமை இருந்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டபோது அவரும் விட்டுக்கொடுத்தார். அதனால்தான் இன்று எவர் வேண்டுமானாலும் பாடலாம். எவரும் பாடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தீட்சிதருக்கு வருவோம். இங்கே தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கச்சேரிப் பதிவுகளில், முக்கியமாகத் தம்பி டி.கே. ஜெயராமன் கூடப் பாடிய பதிவுகளில், வேறொரு பட்டம்மாள் கிடைப்பார். பைரவியில் ‘பாலகோபால’வை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை வீணைக்காரன் என்றும் பாட்டுக்காரன் என்றும் தீட்சிதர் உள்ளேயே குறித்துவைத்துக்கொண்ட கீர்த்தனை அது. பட்டம்மாள் பல்லவியை எடுக்கிற காலப்பிரமாணத்தைக் கேட்டதும், இது நகருமா என்று தோன்றும். நகரும். ஒரு சங்கதிக்கும் அடுத்த சங்கதிக்கும் நடுவில் அவர் எதையும் அவசரமாக நிரப்புவதில்லை. கனமான சாரீரம்; மேலே போகும்போது அலையாது, கீழே வரும்போது தொய்யாது. அக்கா விட்ட இடத்தைத் தம்பி எடுக்கும்போது சில சமயம் யார் பாடுகிறார் என்பதே ஒரு கணம் பிடிபடாது. ஜெயராமன் பின்னாளில் தனிப் பாடகராக 1990-ல் சங்கீத கலாநிதி வாங்கினார். அக்காவுக்கு அது 1970-ல் வந்துவிட்டது.

‘ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே’ காம்போதியும் இதே ரகம். இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் பைரவி. காம்போதியில் அவர் நிரவலும் ஸ்வரமும் பாடும்போது ‘பல்லவி பட்டம்மாள்’ தலை தூக்கிவிடுவார். ராகம் தானம் பல்லவியைப் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த மேடையில் பாடிக் காட்டியவர். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயரையே மிருதங்கத்தோடு பக்கத்தில் உட்காரவைத்தவர். அந்தப் பெருமையெல்லாம் நியாயம்தான். ஆனால் தீட்சிதர் கீர்த்தனைக்குப் பின்னால் கோர்வை மேல் கோர்வையாகக் கணக்கு வந்து விழும்போது, ரசிகனான எனக்கே கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது. நயினாப் பிள்ளை அங்கே எட்டயபுரத்தை ஜெயித்துவிடுகிறார். பைரவியில் எட்டயபுரம் ஜெயிக்கிறது.

பிரதர்சினிப் புத்தகத்தில் உள்ளபடியே பட்டம்மாள் பாடுகிறாரா என்று கேட்கிற ஆராய்ச்சிக்காரர்கள் உண்டு. பல இடங்களில் இல்லைதான். 1904-ல் அச்சில் இருந்ததும் 1930-களில் வாய்வழியாக வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சுப்பராம தீட்சிதர் எழுதிய பாட்டுக்கும் அவர் மகன் சொல்லிக்கொடுத்த பாட்டுக்கும் இடையிலேயே வித்தியாசம் இருக்கும்போது, பாடம் கேட்ட பெண்ணிடம் போய்க் கணக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேள்வி அச்சகத்துக்கும் திண்ணைக்கும் இடையில் உள்ளது.

இதில் பாரதியின் தீர்ப்பையும் சொல்லிவிட வேண்டும். ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில், எந்த ஊருக்குப் போனாலும் வித்வான்கள் அதே சில பாட்டுகளையே பாடுகிறார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலில் தீட்சிதரின் ‘வாதாபி கணபதி’யும் உண்டு. தீட்சிதர் கீர்த்தனைகளின் கம்பீரத்தை ஒப்புக்கொள்கிறார். சமஸ்கிருதத்தில் இருப்பதால் பொதுஜனங்களுக்கு உதவாது என்றும் முடிக்கிறார். பட்டம்மாள் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேரவில்லை. கச்சேரியின் நடுவில் தீட்சிதரை வைத்தார். தமிழ்ப் பாட்டைத் துக்கடாவோடு ஒதுக்காமல் அதற்கும் இடம் கொடுத்தார். பாரதியின் கோபத்தில் பாதியை அவர் தீர்த்துவைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிக் காலக் குரலைக் கேட்டிராதவர்கள் 2000-ல் வந்த ‘ஹே ராம்’ படத்தில் ‘வைஷ்ணவ ஜனதோ’வைக் கேட்கலாம். எண்பதைத் தாண்டிய குரல். சுருதி அசையவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2009 ஜூலையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆக என் வரிசை: முதலில் ‘பாலகோபால’, கச்சேரிப் பதிவு, முழு நீளம். இரண்டாவது ‘வெற்றி எட்டுத் திக்கும்’. மூன்றாவது ‘தூண்டிற் புழுவினைப்போல்’. ‘ஆடுவோமே’ நான்காவதுதான், நூறு முறை கேட்ட பாட்டுக்கு இந்தத் தண்டனை தவிர்க்க முடியாதது. ‘ரங்கபுர விஹார’வை ஏன் விட்டுவிட்டாய் என்று சபாக் கட்சிக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். சுப்பராம தீட்சிதர் புத்தகத்தில் அது இல்லை; அதற்காக நான் விடவில்லை. அந்தப் பாட்டில் எம்.எஸ். ஜெயித்துவிட்டார், அவ்வளவுதான்.