மெட்ராஸ் பாஷையும் அதை இரவல் வாங்குவோரும்

'இன்னா நைனா, நாஸ்தா துன்னியா? கையில துட்டு கீதா?' வடசென்னைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத பேச்சு இது. நைனா தெலுங்கு. நாஸ்தா பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்தது. துட்டு, டச்சுக்காரர்கள் புழங்கவிட்ட செப்புக்காசின் பெயர். துன்னுவதும் கீதும் தமிழ்தான், வாயில் தேய்ந்த வடிவங்கள். வாக்கியத்தைத் தாங்கும் இலக்கணமும் தமிழே. ஊர் உருவான வரலாறே இதில் படிந்திருக்கிறது. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட இடம் கிடைத்ததும் தெலுங்கு பேசும் வணிகர்களும் நெசவாளர்களும் குடியேறினார்கள். 1768-வாக்கில் ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். பக்கத்துத் திருவல்லிக்கேணியில் உருது வேர்பிடித்தது. பிறகு துறைமுகமும் பின்னி ஆலைகளும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்களை இழுத்தன. மூட்டை தூக்கும் இடத்தில் யாரும் யாருடைய மொழியையும் முறையாகப் படிக்கப்போவதில்லை. காதில் விழுந்த சொல் வேலைக்கு உதவினால் அது நிலைத்துவிடும்.

இந்தப் பாஷை மட்டம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கலப்பு. அது நிற்காது. வக்கீல், தாசில்தார், ஜாமீன் எல்லாம் பேஜாரும் பேமானியும் வந்த அதே அரபு, பாரசீக வழியில் வந்தவைதான். கச்சேரி வாசலில் இறங்கிய சொல்லுக்கு மரியாதை, ரிக்‌ஷா ஸ்டாண்டில் இறங்கியதற்குச் சிரிப்பு. வசவின் உச்சமாகக் கருதப்படும் கஸ்மாலம் சுத்தமான சமஸ்கிருதம்; கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்துச் சொல்லும் 'கஷ்மலம்'தான் அது. ஆக, இழிவு சொல்லின் பிறப்பில் இல்லை. அதைப் பேசியவர்களின் விலாசத்தில் இருக்கிறது: குப்பம், சேரி, கூலி வரிசை.

அப்படியானால் வெளியார் இதை எடுத்தாளலாமா? பிறப்பை அளவுகோலாக வைப்பவர்களுக்குச் சான்றுகள் ஒத்துழைக்கவில்லை. திரையில் இந்தப் பாஷையைப் பிரபலமாக்கிய சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் இதே பாஷையில் பாடிய மனோரமா மன்னார்குடிக்காரர். எழுத்தாளர் ஜெயகாந்தனோ கடலூர்க்காரர். மூவருமே இரவல் வாங்கியவர்கள். ஆனால் வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. நகைச்சுவைப் பகுதிகளில் இந்தப் பாஷை பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே நுழைந்தது. கதாநாயகன் காதலைச் சொல்லும்போது 'நல்ல தமிழ்' திரும்பிவிடும். ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்', 'சினிமாவுக்குப் போன சித்தாளு' கதைகளில் அந்த மனிதர்களின் ஆசைக்கும் அவமானத்துக்கும் அதே பேச்சைக் கொடுத்தார். பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படம் 2014-இல் வந்தபோது, ஐ.டி. வேலைக்குப் போகும் வியாசர்பாடி இளைஞன் காதலையும் அரசியலையும் இதிலேயே பேசினான். ஒரு பாஷையைச் சிரிப்புக்கு மட்டுமே பயன்படுத்துவதா, வாழ்க்கை முழுவதையும் அதில் பேச விடுவதா என்பதுதான் நான் வைக்கும் அளவுகோல்.

மொழி யாருக்கும் பட்டா போட்டுத் தந்ததில்லை, இரவல் வாங்கியே வளர்ந்த பாஷைக்கு வேலி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலி வேண்டாம் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் இரவலின் லாபம் ஒரே பக்கம் சேர்கிறது. விளம்பர நிறுவனத்தில் 'இன்னாபா' என்று கூப்பிடும் அதிகாரி கலகலப்பான ஆள். காசிமேட்டிலிருந்து நேர்காணலுக்கு வந்த பையன் அதையே வாய்தவறிச் சொன்னால் 'கம்யூனிகேஷன் சரியில்லை'. சொல் ஒன்றுதான், விலை இரண்டு. வசவு மலிந்த பேச்சு, அதைக் கொண்டாடக் கூடாது என்பது இன்னொரு ஆட்சேபம். தஞ்சாவூரிலும் மதுரையிலும் வசவுக்குப் பஞ்சமில்லை. அவற்றை வைத்து அந்த ஊர்த் தமிழை யாரும் எடைபோடுவதில்லை. தவிர, வசவின் பொருளை முடிவுசெய்வது உறவு. கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் சிநேகிதர்களுக்குள் 'டேய் சோமாறி' செல்லம். எதிராளியும் அதையே திருப்பிச் சொல்லலாம். கார் முதலாளி டிரைவரைப் பார்த்துச் சொன்னால், டிரைவரால் திருப்பிச் சொல்ல முடியாது.