ஒலிச் செருகுநிரல்களின் இடைமுகமும் களப்பதிவின் நம்பகமும்: வத்தல்மலைச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: ஒலிச் செருகுநிரல், இடைமுகம், இரைச்சல் நீக்கம், களப்பதிவு, வாய்மொழி வழக்காறு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை, மலையாளிப் பழங்குடி மக்களின் வாழிடங்களுள் ஒன்று. இத்தகைய மலையூரில் வாய்மொழிப் பாடலைப் பதிவுசெய்யும் ஆய்வாளரின் கருவியில் பாடுவோர் குரலுடன் காற்றொலியும் பூச்சியொலியும் சேர்ந்தே பதிகின்றன. அவற்றை நீக்க அவர் நாடுவன ஒலித்தொகுப்பு மென்பொருள்களும் அவற்றோடு இணையும் செருகுநிரல்களுமே. இவற்றின் இடைமுகக் குறைகள் பயனருக்கு நேரும் இடர்ப்பாடு என்ற அளவில் நில்லாமல், ஆய்வுத் தரவின் நம்பகத்தையும் பாதிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உருவப் போலியின் சிக்கல்

ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. அதன்பின் பெருகிய செருகுநிரல்கள் பலவும் ஒலிப்பதிவுக் கூடத்துக் கருவிகளின் குமிழ்களையும் முள்காட்டிகளையும் திரையில் அப்படியே வரைந்தன. அக்கருவிகளோடு பழகிய ஒலிப்பொறியாளருக்கு இவ்வுருவம் துணைசெய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றைக் கண்டிராத தமிழாய்வாளருக்கோ அது எதையும் உணர்த்துவதில்லை. கையால் திருகவேண்டிய குமிழைச் சுட்டியால் இயக்கும்போது, ஒரு செருகுநிரலில் வட்டமாகவும் மற்றொன்றில் மேலும் கீழுமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. எவ்வாறு இழுப்பது என்பதைக் குமிழின் தோற்றம் கூறுவதில்லை. மேலும், இயங்குதளத்தின் பொதுக் கட்டுப்பாடுகளை விடுத்துப் படமாக வரையப்பட்ட குமிழ்கள் பலவற்றைத் திரைவாசிப்பான் இனங்காண்பதில்லை. இதனால் பார்வைக் குறையுடைய ஆய்வாளர் முற்றாக விலக்கப்படுகிறார்.

இரைச்சல் நீக்கம்: ஒரு சான்று

கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டியில் உள்ளமைந்த இரைச்சல் நீக்க வசதி இங்குக் கருதத்தக்கது. அதன் உரையாடல் பெட்டியில் குமிழ்கள் இல்லை; செயல்முறையின் இரு படிகளும் எண்ணிட்டுக் காட்டப்பட்டுள்ளன. இவை பாராட்டுக்குரியன. முதற்படியில் இரைச்சல் மட்டும் உள்ள பகுதியை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அடுத்த படியில் அம்மாதிரியைக் கொண்டு பதிவு முழுவதும் வடிகட்டப்படும். சிக்கல் இரண்டாம் படியில் எழுகிறது. ‘சென்சிட்டிவிட்டி’ எனும் அளவை உயர்த்தினால் எவ்வொலி இழக்கப்படும் என்பதைப் பெட்டி உணர்த்துவதில்லை. முன்கேட்பு வசதியோ இயல்பமைப்பில் 6 நொடிகளே ஒலிக்கிறது. நெடும்பாடலின் தொடக்கத்தை மட்டும் கேட்டு அளவைத் தீர்மானிப்பவர், இடையில் வரும் தாழ்குரலுக்கு நேர்வதை அறியார்.

பூச்சியொலியும் சகரத்தின் உரசொலியும் உயர் அதிர்வெண்களில் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடியவை. ஆகவே வடிகட்டல் மிகும்போது சகரம் மழுங்குகிறது, மூச்சிடைவெளி வெறுமையாகிறது, தோற்கருவியின் தேயும் ஒலி துண்டிக்கப்படுகிறது. அப்பதிவைக் கேட்டு எழுத்துப்பெயர்ப்புச் செய்பவர், மென்பொருள் விளைத்த திரிபை வட்டார ஒலிப்பாகக் கொள்ளவும் கூடும்.

இதற்கு மாற்று அப்பெட்டியிலேயே உள்ளது. ‘ரெசிடியூ’ எனும் தெரிவு, நீக்கப்படும் ஒலியை மட்டும் தனியே கேட்கச் செய்கிறது. அதில் பாடுவோர் குரல் கேட்குமாயின் வடிகட்டல் மிகுந்துவிட்டது என்பது தெளிவு. ஆய்வாளருக்கு இன்றியமையாத இவ்வசதி, விளக்கமேதுமின்றி ஒற்றைச் சொல்லாகப் பெட்டியின் அடியில் நிற்பதே வடிவமைப்பின் பெருங்குறை எனலாம்.

முடிவுரை

ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 2009இல் வெளியிட்ட டிசி-04 வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, மூலப்பதிவை மாற்றமின்றிக் காக்க வலியுறுத்துகிறது. களப்பணியாளர் மூலத்தைத் தனியே பேணுதலும், படியில் மட்டும் வடிகட்டுதலும், பயன்படுத்திய அளவுகளை ஆய்வேட்டில் குறித்தலும் வேண்டும். எனினும் பொறுப்பு முழுவதையும் பயனர்மேல் சுமத்துதல் முறையன்று. எதை நீக்குகிறது என்பதை முதலில் கேட்பிக்கும் இடைமுகமே ஆய்வுக்கு உகந்தது. அதன் கலைச்சொற்களைத் தமிழாக்கும்போது, ஒலியில் நிகழும் மாற்றத்தை விளக்கும் சொற்களை அமைத்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.